மெயிலை நாமே நெய்யறதா, கூலிக்கு விடறதா?

ரெண்டு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. ஃபைனல் இயர் ப்ராஜக்ட், ஒரு அரியர், நடுவுல சொந்தத்துல ரெண்டு கல்யாணம்னு ஓடிப் போச்சு. "என்னடா, எழுதறதை விட்டுட்டியா"ன்னு கிளாஸ்ல ரெண்டு பேர் கேட்டாங்க. அந்த ரெண்டு பேருக்காக இது. மீதி 56 பேர் கேக்கவே இல்லை, பரவாயில்ல :-)

இன்னிக்கு மேட்டர் மெயில். மொத்தமா ஆயிரக்கணக்குல மெயில் அனுப்பற வேலையை ஒரு சின்ன கம்பெனி தானே பாக்கணுமா, இல்ல வெளிய ஒருத்தர்கிட்ட குடுத்துடணுமா? கேக்க சப்னு இருக்கும். ஆனா இந்தக் கேள்விக்கு எங்களுக்குப் பதில் தெரியாததால எங்க அம்மாவோட ரெண்டு வளையல் பேங்க் லாக்கருக்குப் போச்சு. அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

முதல்ல ஊர்ப் பெருமை. எங்க ஊர் ஆரணி, திருவண்ணாமலை மாவட்டம். கமண்டல நாகநதிக் கரை. வெளியூர்ல ஆரணின்னா ரெண்டு விஷயம் சொல்வாங்க, ஒண்ணு அரிசி, இன்னொண்ணு பட்டு. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணி மட்டும் இல்ல, சுத்தி தேவிகாபுரம், ஒண்ணுபுரம்னு ஊர் ஊரா தறிச் சத்தம்தான். எங்க வீட்லயும் ஒரு குழித்தறி. அப்பா நெய்யறார். நான் ஸ்கூல் படிக்கும்போது தார் சுத்திக் குடுத்த கை இது.

நெசவுல பெரும்பாலும் நடக்கறது கூலி நெசவு. முதலாளி பட்டும் ஜரிகையும் பாவும் குடுப்பார். நெசவாளி நெஞ்சு குடுத்துட்டுக் கூலி வாங்கிக்குவார். அந்தப் புடவை எந்தக் கடைக்குப் போச்சு, எந்தப் பொண்ணு முகூர்த்தத்துக்குக் கட்டினா, எதுவும் நெஞ்சவருக்குத் தெரியாது. காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் போய் அங்கே வேற ஊர்ப் பேர்ல விக்கற புடவைகள்ல எத்தனை எங்க தெருவுலேருந்து போனதுன்னு யாரும் எழுதி வெக்கலை.

இதை மாத்தலாம்னுதான் நாங்க மூணு பேர் ஒரு வெப்சைட் ஆரம்பிச்சோம். ஒருத்தன் லினக்ஸ் பையன், தூங்கும்போது கூடக் கமாண்ட் அடிப்பான். ஒருத்தன் கணக்குப்பிள்ளை, டீ குடிச்ச காசையும் எக்ஸெல்ல போடுவான். மூணாவது நான், தறி வீட்டுப் பையன். 11 தறி வீடுங்க எங்ககூட சேர்ந்தாங்க. வாங்கறவங்க நேரா நெய்யறவங்ககிட்ட வாங்கணும், புடவைகூட நெஞ்சவர் பேர் எழுதின அட்டை போகணும், அவ்வளவுதான் ஐடியா. ஸ்டார்ட்அப்னு சொன்னா கணக்குப்பிள்ளைக்குச் சிரிப்பு வரும். "முதல்ல ஸ்டார்ட் ஆகட்டும்டா"ம்பான்.

இப்போ 2024 தீபாவளிக்கு வருவோம். அந்த வருஷம் அக்டோபர் 31 தீபாவளி. எங்ககிட்ட அப்போ 6,100 மெயில் முகவரி இருந்துச்சு. எஸ்எம்எஸ் அனுப்பலாம்னா, நம்ம நாட்டுல வியாபார எஸ்எம்எஸ் அனுப்ப கம்பெனிப் பேரு, அனுப்பற வாசகம் எல்லாத்தையும் முன்கூட்டியே பதிவு பண்ணணும்னு டிராய் விதி. மெயிலுக்கு அந்த மாதிரி எதுவும் கிடையாது, ஈஸின்னு நினைச்சோம். அங்கதான் சனி பிடிச்சது.

"வெளி சர்வீஸ்லாம் எதுக்கு மச்சி? ஒரு சர்வர் வாடகைக்கு எடுப்போம், போஸ்ட்ஃபிக்ஸ் போடுவோம், நம்ம மெயில் நம்ம கையில"ன்னான் லினக்ஸ் பையன். போஸ்ட்ஃபிக்ஸ்ங்கறது மெயில் அனுப்பற இலவச மென்பொருள், 1998லேருந்து இருக்கு, நல்ல சரக்கு. மாச வாடகை 600 ரூபாய். எனக்கும் அந்த "நம்ம கையில"ங்கற வார்த்தை பிடிச்சிருந்துச்சு. நாங்க ஆரம்பிச்சதே அதுக்குத்தானே.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி ராத்திரி 9 மணிக்கு 6,100 மெயிலையும் ஒரே மூச்சுல விட்டோம். முதல் சில நூறு போச்சு. அப்புறம் ஜிமெயில் 421னு ஒரு நம்பரைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சுது. மெயில் சர்வர்ங்க பேசிக்கிற பாஷைல 4ல ஆரம்பிக்கிற நம்பர்னா "இப்போ வேணாம், அப்புறம் வா"ன்னு அர்த்தம். 5ல ஆரம்பிச்சா "வராதே, ஓடிப் போ". நள்ளிரவுக்குள்ள 550 வர ஆரம்பிச்சுடுச்சு. போன மெயிலும் முக்கால்வாசி ஸ்பேம்ல விழுந்துச்சு. எங்க மூணு பேர் அக்கவுண்ட்லயே ஸ்பேம்லதான் கிடந்துச்சு, அவ்வ்வ்.

இதுல ஒரு காமெடி வேற. போஸ்ட்ஃபிக்ஸ் போகாத மெயிலை வழக்கமா 5 நாள் வரைக்கும் விடாம முயற்சி பண்ணும். பண்டிகை நெருங்கற நேரத்துல லினக்ஸ் பையன் எதையோ சரி பண்றேன்னு மிச்சத்தை மறுபடி வரிசைல போட்டான். தீபாவளி முடிஞ்சு ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தருக்கு "தீபாவளிக்கு இன்னும் 7 நாளே" மெயில் போய்ச் சேர்ந்துச்சு. அவர் ரொம்ப மரியாதையா, "தம்பி, அடுத்த வருஷத்துக்கா?"ன்னு பதில் போட்டிருந்தார்.

சிரிச்சது அவ்வளவுதான். அடுத்தது சிரிக்கற விஷயம் இல்ல.

விளம்பர மெயிலும் ஆர்டர் உறுதி மெயிலும் ஒரே சர்வர்லேருந்து, ஒரே பேர்லதான் போயிட்டிருந்துச்சு. அதனால கெட்ட பேர் ரெண்டுக்கும் சேர்ந்து ஒட்டிக்கிச்சு. கோயம்புத்தூர்லேருந்து ஒரு அம்மா, மக வளைகாப்புக்கு 16,500 ரூபாய்க்கு ஒரு புடவை எடுத்திருந்தாங்க. பணம் கட்டியாச்சு. உறுதி மெயில் வரலை. அனுப்பியாச்சுங்கற மெயிலும் வரலை. வெப்சைட்ல இருந்த முகவரிக்கு அவங்க எழுதிக் கேட்டாங்க, நாங்க போட்ட பதிலும் ஸ்பேமுக்குத்தான் போச்சு. யார் இருந்தாலும் என்ன நினைப்பாங்க? ஏமாத்திட்டானுங்கன்னுதான். அவங்க பேங்க்ல புகார் குடுத்தாங்க. பணம் நடுவுல நின்னுடுச்சு. அதோட எங்களுக்கு வர வேண்டிய மத்த பணத்தையும் விசாரணை முடியற வரைக்கும் நிறுத்தி வெச்சாங்க. அவங்க மேல தப்பே இல்ல.

அந்தப் பணத்துல எட்டு வீட்டுக்குத் தீபாவளிக்கு முன்னாடி போக வேண்டிய காசு இருந்துச்சு. வளைகாப்புப் புடவையை நெஞ்சவர் எங்க பக்கத்துத் தெருப் பெரியப்பா. கோபப்படலை, சத்தம் போடலை. "பரவால்லபா, வர்றப்போ குடு"ன்னுட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டார். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். அன்னிக்கு சாயந்திரம்தான் அம்மா ஒண்ணும் பேசாம வளையலைக் கழட்டிக் குடுத்தாங்க. எட்டு வீட்டுக்கும் காசு குடுத்தோம். வளையல் 2025 மாசில மீண்டு வந்துச்சு, அதுவரைக்கும் அம்மா கையை நான் பாக்கறதைத் தவிர்த்தேன்.

தீபாவளி முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் எங்க வீட்டுத் திண்ணைல உக்காந்தோம். வெளிய குடுக்கறதா, நாமளே பண்றதா? லினக்ஸ் பையன் விடாப்பிடி. "எனக்கு மூணு வாரம் குடு மச்சி, சரி பண்றேன்." கணக்குப்பிள்ளை நோட்டை எடுத்தான். நான் படிச்சுட்டு வந்ததை எடுத்து வெச்சேன். அதைத்தான் இங்க சொல்லப் போறேன், ப்ராஜக்ட் பண்றவங்களுக்கு உதவும்.

மெயில் ஏன் இப்படி ஆச்சு? ஆரம்பத்துல மெயில் எல்லாரையும் நம்பற ஊரா இருந்துச்சு. யார் வேணா யாருக்கு வேணா, யார் பேர்ல வேணா அனுப்பலாம். 1978 மே மாசம் அமெரிக்காவுல டிஇசி கம்பெனியோட விற்பனை ஆள் கேரி துயர்க், அர்ப்பாநெட்ல இருந்த சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். உலகத்தோட முதல் ஸ்பேம்னு அதைத்தான் சொல்றாங்க. அதுக்கப்புறம் நடந்தது நம்ம இன்பாக்ஸுக்கே தெரியும். இன்னிக்கு வாங்கற சர்வருக்குக் கதவுல வாட்ச்மேன் வேணும். வாட்ச்மேன் மூணு விஷயம் பாக்கறான்.

ஒண்ணு, எந்த ஐபி முகவரிலேருந்து வர்றே, உன் பழைய வரலாறு என்ன. 600 ரூபாய் சர்வருக்குக் கிடைக்கிற ஐபி நமக்குன்னு புதுசா செஞ்சது இல்ல. நமக்கு முன்னாடி யாரோ வெச்சிருந்தது. சீட்டுக் கம்பெனி நடத்தி ஓடிப்போனவன் இருந்த கடையை வாடகைக்கு எடுத்துப் புடவைக் கடை போட்ட மாதிரி. போர்டு மாத்தினாலும் தெருவுல ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க. சுத்தமான ஐபியா இருந்தாலும், நேத்து வரைக்கும் வாயே திறக்காதவன் இன்னிக்கு ஒரு மணி நேரத்துல 6,000 கதவைத் தட்டினா வாட்ச்மேன் சந்தேகப்படத்தான் செய்வான். தினம் கொஞ்சமா அனுப்பி, நல்ல பேர் எடுத்து, அப்புறம்தான் கூட்டணும். வீட்டு பிராட்பேண்ட்லேருந்து அனுப்பலாம்னா, அந்த மாதிரி ஐபிகளை ஸ்பாம்ஹவுஸ் மாதிரி அமைப்புங்க மொத்தமா பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க. வாசல்லயே திருப்பிடுவாங்க.

ரெண்டு, நீ சொல்ற ஆள்தானா நீ. இதுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு. நம்ம பேர்ல மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதின்னு டிஎன்எஸ்ல எழுதி வெக்கறது எஸ்பிஎஃப். ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு ரகசியச் சாவியால முத்திரை குத்தறது டிகேஐஎம். இந்தச் சோதனைல ஒண்ணும் தேறலைன்னா அந்த மெயிலை என்ன பண்ணணும்னு நாமளே வாட்ச்மேனுக்குச் சொல்லி வெக்கறது டிமார்க். பட்டுக்கு 2004லேருந்து சில்க் மார்க் முத்திரை இருக்கே, அது மாதிரின்னு வெச்சுக்கங்க. ஆனா ஒண்ணு, சில்க் மார்க் இது சுத்தப் பட்டுன்னுதான் சொல்லும், இந்த கலர் உனக்குப் பிடிக்கும்னு சொல்லாது. டிகேஐஎம் முத்திரையும் அப்படித்தான். இது அவன் அனுப்பினதுதான்னு சொல்லுமே தவிர, இதை நீ கேட்டியான்னு சொல்லாது.

மூணாவது அதுதான். வாங்கறவங்க உன்னைக் கேட்டாங்களா? எத்தனை பேர் ஸ்பேம் பட்டனை அமுக்கறாங்க? கூகுளும் யாஹூவும் 2023 அக்டோபர்ல அறிவிச்சு 2024 பிப்ரவரிலேருந்து இதை விதியாவே ஆக்கிட்டாங்க. ஒரு நாளைக்கு ஜிமெயில் காரங்களுக்கு 5,000 மெயில் கிட்ட அனுப்பினா நீ மொத்தமா அனுப்பற ஆள். ஒரு தடவை அந்தக் கோட்டைத் தொட்டா அப்புறம் எப்பவும் அந்தப் பட்டியல்லதான். மேல சொன்ன மூணும் இருக்கணும், ஒரே க்ளிக்ல விலகற வசதி இருக்கணும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1க்குக் கீழேயே இருந்தா உத்தமம். அதாவது ஆயிரம் பேர்ல மூணு பேர் எரிச்சல்பட்டா கதை முடிஞ்சுது. நாங்க அந்தக் கோட்டைத் தொட்டது மட்டும் இல்ல, விலகற பட்டனே வெக்காமத் தொட்டோம்.

இப்போ கணக்குப்பிள்ளை முறை. அமேசானோட எஸ்இஎஸ் 2011ல வந்தது, ஆயிரம் மெயிலுக்கு 10 சென்ட். எங்களுக்கு மாசம் 40,000 மெயில்னு அதிகமாவே வெச்சாலும் 4 டாலர். டாலர் 85 ரூபாய்னு போட்டா 340 ரூபாய். சொந்த சர்வர் 600. "பாத்தியா, வெளிய குடுத்தாதான் சீப்பு"ன்னான். லினக்ஸ் பையன், "ரெண்டும் ஒரு பிரியாணி காசுதான்டா, இதுக்காகவா முடிவு பண்ணுவே"ன்னு கேட்டான். அது நியாயம். காசு இங்க முடிவு பண்ற விஷயமே இல்ல.

அப்புறம் கணக்குப்பிள்ளை அடுத்த பக்கத்தைத் திருப்பினான். மூணு வாரம், தினம் ராத்திரி 3 மணி நேரம் லினக்ஸ் பையன் அந்த சர்வரோட மல்லுக்கட்டினது. மொத்தம் 60 மணி நேரத்துக்கு மேல. அந்த நேரத்துல அவன் முடிக்கறதா சொன்ன வேலை, நெசவாளிங்களே போன்ல புடவை போட்டோ ஏத்தற பக்கம். அது முடியாததால 11 வீட்டுலயும் நான்தான் சைக்கிள்ல போய் போட்டோ எடுத்தேன். போதாக்குறைக்கு அவனுக்கு ஒரு அரியர். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அவன் உழைக்காம இல்ல. அந்த உழைப்பு போக வேண்டிய இடத்துக்குப் போகலை, அவ்வளவுதான்.

அதுக்காக வெளிய குடுத்தா நிம்மதின்னும் இல்ல. மெயில்சிம்ப்கிட்ட மாண்ட்ரில்னு ஒரு சேவை இருந்துச்சு, சின்னக் கம்பெனிங்க நிறைய பேர் ஆர்டர் மெயிலுக்கு அதை நம்பி இருந்தாங்க. 2016ல திடீர்னு, மெயில்சிம்ப்ல காசு கட்டற கணக்கு இருந்தாதான் இனிமே மாண்ட்ரில்னு சொல்லிட்டாங்க. எத்தனையோ பேர் சில வாரத்துல மூட்டை கட்டி வேற இடம் தேட வேண்டியதாச்சு. அடுத்தவன் திண்ணைல தறி போட்டா, எடுன்னு சொல்ற அன்னிக்கு எடுக்கணும்.

சரி, எல்லாமே சொந்தமா வெச்சிருந்தா? நம்ம ஊர்க் கதையே இருக்கு. ஜோஹோ. 1996ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, சென்னைலயும் தென்காசிப் பக்கத்துலயும் வளர்ந்த கம்பெனி. சொந்த சர்வர், சொந்த மெயில் சேவை, வெளி ஆளை அதிகம் நம்பாத கொள்கை. 2018 செப்டம்பர் 24 அன்னிக்கு அவங்க டொமைன் பேரையே, அதைப் பதிஞ்சு வெச்சிருந்த டியராநெட்ங்கற அமெரிக்கக் கம்பெனி முடக்கிடுச்சு. காரணம், ஜோஹோ மெயிலைப் பயன்படுத்தி யாரோ ஃபிஷிங் மெயில் அனுப்பினதா வந்த ஒரு சில புகார். 3 கோடிக்கும் மேல பயனாளிங்க இருந்த கம்பெனி. ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல பகிரங்கமா உதவி கேக்க வேண்டியதாப் போச்சு. சர்வர் எல்லாம் நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. அந்தப் பேரைத் தேடி வர்றவங்களுக்குத்தான் வழி தெரியலை.

இதைப் படிச்சதும் என் "நம்ம கையில" ஆசை கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே எல்லாமும் கைல இல்ல, நாம எம்மாத்திரம்?

இந்த நேரத்துல அப்பா தறிலேருந்து எழுந்து வெளிய வந்தார். ஒரு மணி நேரமா நாங்க கத்தினது அவருக்கும் கேட்டிருக்கு. "இன்னாடா பஞ்சாயத்து?"ன்னார். மெயிலைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னு முழிச்சுட்டு, "வேலையை வெளிய குடுக்கறதா, நாமளே செய்யறதான்னு பேசிட்டிருக்கோம்பா"ன்னேன்.

அப்பா சிரிச்சார். "நான் நெய்யற புடவைல நான் எவ்ளோ செய்யறேன்னு நெனச்சே? பட்டு கர்நாடகாலேருந்து வருது. ஜரிகை சூரத். சாயம் போடறது சாயக்காரர். டிசைன் அட்டை குத்தறது வேற ஆளு. பாவைத் தெருவுல விரிச்சுக் கஞ்சி போட நாலு வீட்டு ஆளுங்க வேணும். இதெல்லாம் வெளிய குடுத்ததால நான் கெட்டுப் போவல."

"அப்புறம் எதுல நாம கெட்டோம்?"னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொன்னார். "யாருக்கு நெய்யறோம்னு தெரியறத வெளிய குடுத்துட்டோம். உங்க தாத்தாவுக்கு வாங்கறவங்க வீடு தெரியும். எனக்குத் தெரியாது. அங்கதான் கூலிக்காரன் ஆனது."

மூணு பேரும் கப்சிப்.

அப்பா சொன்னதை வெச்சு எங்க கேள்வியைத் திரும்பப் பாத்தப்போ, கேள்வியே தப்பா இருந்துச்சு. மெயில் அனுப்பறதுன்னு நாங்க ஒரே மூட்டையா கட்டி வெச்சிருந்ததுல மூணு வேலை இருக்கு. கொண்டு போய்ச் சேக்கற வேலை ஒண்ணு. யார் யார்கிட்ட பேசறோம், அவங்க சம்மதிச்சாங்களாங்கற பட்டியல் ரெண்டாவது. யார் பேர்ல பேசறோம்ங்கற டொமைன் மூணாவது. முதலாவது சாயம் போடற மாதிரி. கைத்தொழில் தெரிஞ்ச ஆள்கிட்ட குடுக்கறது கௌரவக் குறைச்சல் இல்ல. மத்த ரெண்டையும் குடுத்தா நாங்களும் கூலி நெசவுதான். பெரிய ஆன்லைன் கடைங்கள்ல வித்தா மெயில் தொல்லையே இல்லன்னு கணக்குப்பிள்ளை முன்னாடி சொல்லியிருந்தான். உண்மைதான், ஆனா வாங்கினவங்க அந்தக் கடையோட வாடிக்கையாளர், நம்மவங்க இல்ல.

இன்னொரு உண்மையும் ஒத்துக்கணும். எங்க 6,100 முகவரில 2,300 நாங்க வேற ஊர்ல போட்ட ஒரு கண்காட்சி ஸ்டால்ல பரிசுக் குலுக்கல் நோட்டுலேருந்து வந்தது. மக்கள் குக்கருக்காகப் பேர் எழுதினாங்க, புடவை மெயிலுக்காக இல்ல. நானே ராத்திரி உக்காந்து டைப் அடிச்சேன், ஜிமெயிலை ஜிமைல்னு அடிச்சதும் நான்தான். இல்லாத முகவரிக்கு நூத்துக்கணக்குல தட்டினதும், கேக்காதவங்க ஸ்பேம் பட்டனை அமுக்கினதும்தான் எங்களைக் கவுத்துச்சு. போஸ்ட்ஃபிக்ஸ் மேல பழி போட்டது அநியாயம். உலகத்துலயே சிறந்த சர்வீஸ்கிட்ட இந்தப் பட்டியலைக் குடுத்திருந்தாலும் ரெண்டாவது நாள் எங்க கணக்கை மூடியிருப்பாங்க. சம்மதம் இல்லாம மத்தவங்க விவரத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னு 2023ல நம்ம நாடாளுமன்றம் தனியா சட்டமே போட்டிருக்கு. சட்டம் இல்லாட்டியும் அது தப்புதான்.

கடைசியா எடுத்த முடிவு இது.

கொண்டு சேக்கற வேலை வெளில. காசுக்குச் செய்யற ஒரு சர்வீஸ்கிட்ட குடுத்தோம். அங்க எங்களை மாதிரி சின்ன ஆளுங்க பல பேர் ஒரே ஐபி கூட்டத்தைப் பகிர்ந்துக்கறாங்க. இது நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் மாதிரிதான். ஒருத்தர் நல்ல பேர்ல எல்லாரும் பொழைக்கலாம், ஒருத்தர் கலப்படம் பண்ணா எல்லாருக்கும் கெட்ட பேர். அதனாலதான் சர்வீஸ்காரங்க அவ்வளவு கறாரா இருக்காங்கன்னு இப்போ புரியுது. தனி ஐபி வாங்கலாம், ஆனா அதுக்கு நல்ல பேர் உருவாக விடாம நிறைய மெயில் போயிட்டே இருக்கணும். நமக்கு அந்த அளவு சரக்கு இல்ல.

பட்டியல் எங்க கைல. எங்க டேட்டாபேஸ்ல, வாராவாரம் நகல் எடுத்து. யார் எப்போ சம்மதம் குடுத்தாங்கன்னு தேதியோட. அனுப்பற நிரலை, சர்வீஸ் பேரை ஒரே இடத்துல மாத்தினா போதும்ங்கற மாதிரி லினக்ஸ் பையன் எழுதினான். நாளைக்கே "எடு"ன்னாலும் ஒரு நாள்ல எடுத்துடலாம்.

டொமைன் எங்க பேர்ல, அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சு. ஆர்டர் மெயிலுக்கு ஒரு துணை டொமைன், விளம்பரத்துக்கு வேற. இனிமே ஒண்ணோட கெட்ட பேர் இன்னொண்ணுக்கு அவ்வளவு சீக்கிரம் ஒட்டாது.

2,300 முகவரியையும் அழிச்சோம். கணக்குப்பிள்ளை முகத்தைப் பாக்கணுமே, சொத்து போன மாதிரி இருந்தான். மீதி 3,800.

2025 மாசி முகூர்த்தத்துக்கு மறுபடி அனுப்பினோம். ஏற்கெனவே எங்ககிட்ட வாங்கினவங்களுக்கு முதல்ல, ஒரு நாளைக்கு 200, அப்புறம் 400, அப்புறம் 800னு மெதுவா. 64 பேர் விலகற பட்டனை அமுக்கினாங்க. லினக்ஸ் பையன் ஒவ்வொண்ணுக்கும் "ஐயோ"ன்னான். அப்பாகிட்ட சொன்னேன். "வேணாம்னு சொல்றவங்க முன்னாடி எதுக்குப் புடவைய விரிக்கறே? மடிச்சு வெய்யி"ன்னுட்டார். 14 புடவை வித்துச்சு. பெரிய நம்பர் இல்ல. ஆனா 14 பேருக்கும் உறுதி மெயில் இன்பாக்ஸுக்குப் போச்சு, நாங்க ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டுட்டோம்.

அதுல ஒண்ணு அந்தக் கோயம்புத்தூர் அம்மா. முதல் புடவை விவகாரம் தீர்ந்ததும் நடந்ததை அப்படியே அவங்களுக்கு எழுதியிருந்தோம். பேரன் பிறந்திருக்கானாம், மருமகளுக்கு ஒண்ணு எடுத்தாங்க. "நெய்யறவருக்கு முதல்ல குடுத்துடுங்க"ன்னு ஒரு வரி எழுதியிருந்தாங்க. அதைப் பெரியப்பாவுக்குப் படிச்சுக் காட்டினேன். "எந்த ஊரு அவங்க?"ன்னு கேட்டார். கோயம்புத்தூர்னேன். ஊர்ப் பேரை ஒரு தடவை தானே சொல்லிப் பாத்துட்டு, மறுபடி தறிக்குழில இறங்கினார்.

ஒரு நாள் எங்களுக்கும் லட்சக்கணக்குல மெயில் போற காலம் வந்தா, அதைப் பாக்கறதுக்குன்னே ரெண்டு ஆளை வெக்க முடிஞ்சா, சொந்த சர்வர் பத்தி மறுபடி திண்ணைல உக்காருவோம். லினக்ஸ் பையன் அந்த போஸ்ட்ஃபிக்ஸ் செட்டிங் ஃபைலை இன்னும் அழிக்கலை. இருக்கட்டும் :-)

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு உங்க ப்ராஜக்ட்டுக்கு 5,000 பேருக்கு மெயில் அனுப்பப் போறவங்க, முதல்ல உங்க பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பேரா கேளுங்க: இவங்க என்னைக் கேட்டாங்களா? அதுக்கு அப்புறம் சர்வரைத் தேடுங்க. அரியர் எக்ஸாம் கூப்பிடுது, வரட்டா.